பள்ளி மைக்கில் ஒரு வருத்தத்தின் பெயர்

போன வாரம் றிஸ்மினாவைக் குசினித் தரையில் விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டோம். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை சொன்னபடி கேட்கவில்லை. அப்படி விட்டதற்காக என்னை ஏசுகிறவர்கள் ஏசட்டும். ஆனால் ஏச வேண்டிய ஆட்கள் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள்.

கதையை இடையில் பிடித்தவர்களுக்காக இரண்டொரு வார்த்தை. தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள் ஆலங்குடாவில் குடியேறிய ஓர் ஒழுங்கையில் சுல்பா உம்மாவின் வீடு. மூத்த மகள் றஹ்மா, கடற்கரை ஹோட்டல் ஒன்றில் சமைக்கிறாள். வெள்ளைக்காரர்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வருகிற ஹோட்டல் அது. இளையவள் றிஸ்மினா. அவளுக்குப் பிறவியிலேயே சிக்கிள் செல் என்ற இரத்த வருத்தம். வட்டமாக இருக்க வேண்டிய இரத்த அணு அரிவாள் போல வளைந்து, சின்னக் குழாய்களில் சிக்கி, ஓடுகிற இரத்தத்தை அடைத்துவிடும். மூட்டெல்லாம் நொந்து அவள் சுருண்டு கிடந்த நாட்களை ஒழுங்கையில் ஒருவருக்கும் காட்டியதில்லை.

ஏன் காட்டவில்லை என்று கேட்பவர்கள் அந்த ஒழுங்கையில் ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும். வேலிக்கு இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து இஞ்சித் தேத்தண்ணி வரும். எல்லாரும் ஒரே ஊரார், எல்லாருக்குள்ளும் கொள்வினை கொடுப்பினை. ஒரு பெண்ணுக்கு இரத்தத்தில் வருத்தம் என்று ஒரு காது கேட்டால், அவளுடைய அக்காவுக்கும் மச்சிக்கும் பெரியம்மா மகளுக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிடும். ஆகவே வேறு மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மாதாமாதம் றஹ்மாதான் தங்கையைக் கூட்டிப் போனாள். ஒழுங்கைக்குச் சொன்னது, அனுராதபுரத்து மாமியைப் பார்க்கப் போகிறோம் என்று. அனுராதபுரத்தில் இவர்களுக்கு மாமியும் இல்லை, மாமாவும் இல்லை.

றிஸ்மினாவுக்கும் ரிப்கானுக்கும் கலியாணக் காவின் எழுதிய வாரத்தில் உம்மா றஹ்மாவைக் கூப்பிட்டு, குர்ஆனில் கை வைக்கச் சொல்லி, இந்த வருத்தத்தின் பெயரை வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். ரிப்கான் ஊர் வழக்கப்படி பெண் வீட்டோடு வந்து இருந்தான். அதுவரை சமாளிக்க முடிந்தது. இந்த வருடம் அவனுடைய உம்மா ஸபீனா மாமி, தன் வீட்டுக் கூரை வேலை முடியும்வரை என்று சொல்லி இங்கே வந்து தங்கினார். அன்றோடு அனுராதபுரத்து மாமியும் செத்துப் போனாள். ஆஸ்பத்திரிக்குப் போவது நின்றது. றஹ்மா கேட்கும்போதெல்லாம் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றார் உம்மா.

அந்த அடுத்த மாதம் இப்படி வந்து சேர்ந்திருந்தது.

செய்தி வந்தபோது றஹ்மா நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். கையைச் சரியாகக் கழுவக்கூட இல்லை. அவள் புருஷன் மின்ஹாஜ், சுற்றுலாக்காரரை ஏற்றி இறக்கும் வான் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்த, ஏறிவிட்டாள். வழி முழுக்க அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான். உம்மா டொக்டரிடம் சொல்லியிருப்பாரா?

புத்தளம் ஆஸ்பத்திரி வாட்டுக்கு வெளியே மர வாங்கில் உம்மா தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸபீனா மாமி. சுவரோடு சாய்ந்தபடி ரிப்கான். இறால் பண்ணையிலிருந்து நேரே வந்திருக்கிறான், காற்சட்டை முழங்கால் வரை சேறு. மூளையில் இரத்தம் கசிந்திருக்கிறதாம், படம் பிடித்துப் பார்த்துவிட்டார்களாம், கொழும்புக்கு ஏற்ற வேண்டுமாம் என்று அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

மூன்று நாளாகத் தலையிடி இருந்திருக்கிறது. உம்மா தண்ணீர் ஓதிக் கொடுத்திருக்கிறார். ஸபீனா மாமி பனடோல் கொடுத்து, நெற்றிக்குத் தைலம் தேய்த்து, இந்தக் காலத்துப் பெண்களுக்குக் குசினிப் புகையே ஆகாது என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் நடந்தவை. ஹோட்டலில் சீசன் என்பதால் றஹ்மா அந்த மூன்று நாளும் உம்மா வீட்டுப் பக்கம் வரவில்லை, அவளுக்கு ஒருவரும் சொல்லவுமில்லை.

"சொன்னீங்களா உம்மா?" என்று கேட்டாள்.

உம்மாவின் கண் ஒரு தரம் ஸபீனா மாமியின் பக்கம் போய்த் திரும்பியது. "என்னத்தச் சொல்ற?" என்றார்.

றஹ்மாவுக்கு அது போதும். வாட்டு வாசலைத் தாண்டி உள்ளே போனாள். மறித்த நர்ஸ் மிஸ்ஸியின் கையைத் தட்டிவிட்டாள். உள்ளே தங்கை கண் பாதி திறந்தபடி கிடந்தாள். கட்டில் பக்கத்துக் கம்பியில் இரத்தப் பை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. குழாய் இன்னும் கையில் பொருத்தவில்லை.

"அத ஏத்தாதீங்க" என்றாள் றஹ்மா.

டொக்டர் இளவயதுப் பெண், சிங்களத்தி. தமிழ் அரைகுறை என்றாலும் கேட்டால் விளங்கும். வெளியே போங்கள் என்று சொல்ல வாயெடுத்தவள் றஹ்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அதற்குள் உம்மாவும் ஸபீனா மாமியும் வாசல்வரை வந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் ரிப்கான்.

உம்மா சொன்னது ஒரே வார்த்தை. "றஹ்மா." அதற்குள் சத்தியம், குர்ஆன், காவின் எழுதிய வாரம் எல்லாம் இருந்தன.

றஹ்மா திரும்பிப் பார்த்தாள். "பொய்யக் காப்பாத்தத்தான் அண்டைக்குக் குர்ஆனைத் தொட வச்சீங்க. பத்து ஏழைக்குச் சோறு போட்டு அந்தச் சத்தியத்த நான் முறிக்கிறன். அல்லாஹ்வுக்கும் எனக்கும் உள்ள கதை அது. நீங்க தள்ளி நில்லுங்க."

பிறகு டொக்டரிடம் சொன்னாள். சிக்கிள் செல். பிறந்ததிலிருந்து. எத்தனையோ தரம் இரத்தம் ஏற்றியிருக்கிறது. ஒரு தரம் ஏற்றியதற்குப் பிறகு உடம்பு நடுங்கி, சிறுநீர் கறுத்து, ஆளே போகப் பார்த்தாள். இனி எங்கே போனாலும் வாய் திறந்தவுடன் முதலில் இதைச் சொல்லுங்கள் என்று மாதாமாதம் போன ஆஸ்பத்திரியின் பெரிய டொக்டர் அடித்துச் சொன்னார். அந்தப் பெரிய டொக்டரின் நம்பர் றஹ்மாவின் போனில் 'அனுராதபுரம் மாமி' என்ற பெயரில் கிடந்தது. அந்தப் பெயரை டொக்டருக்குக் காட்டியபோது றஹ்மாவுக்கு வெட்கத்தில் முகம் சுட்டது.

டொக்டர் அந்தப் பையைக் கழற்றச் சொன்னாள். கையில் இருந்த பேனாவைக் கட்டிலில் எறிந்தாள். காலையில் தான் மூன்று தரம் கேட்டதாகச் சொன்னாள். ஏதாவது வருத்தம் இருக்கா, முன்னே இரத்தம் ஏற்றியிருக்கா, கண் ஏன் மஞ்சளாக இருக்கிறது. மூன்று தரமும் இந்த அம்மா, இல்லை, இல்லை, இல்லை என்றார். இந்த வருத்தம் உள்ளவர்களுக்கு மூளைக்குப் போகும் குழாய்கள் வருடக்கணக்காக மெல்ல மெல்ல ஒடுங்கிக்கொண்டே வரும், அதைச் சமாளிக்கப் பக்கத்தில் புதிதாக முளைக்கிற குழாய்கள் நூல் மாதிரி, அவைதான் வெடிக்கும். இது தெரிந்திருந்தால் காலையிலேயே வேறு விதமாகப் பார்த்திருப்பேன் என்றாள். அவள் தமிழ் பிசகியது, கோபம் பிசகவில்லை.

ஸபீனா மாமி வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டார். அவர் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"வருத்தக்காரிய என்ட மகன்ட தலைல கட்டிட்டீங்க" என்றார் உம்மாவைப் பார்த்து. "வா ரிப்கான். இனி இவங்களுக்கும் நமக்கும் கதை இல்ல."

ரிப்கான் அசையவில்லை. சேறு காய்ந்த காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு யாருக்கும் கேட்காத மாதிரிச் சொன்னான்.

"எனக்குத் தெரியும் உம்மா. காவின் முடிஞ்ச கிழமையே அவ சொல்லிட்டா. உங்களுக்குத் தெரியக் கூடாதெண்டு நாங்க ரெண்டு பேருந்தான் மறைச்ச."

இந்த இடத்தில் வாசகர்கள் சிலர் ரிப்கானை நல்ல பையன் என்று சொல்லப் போகிறீர்கள். பொறுங்கள். றஹ்மா அப்படி நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

அவள் அவன் முன்னால் போய் நின்றாள். அவன் அவளைவிட ஒரு முழம் உயரம். ஆனாலும் அவன்தான் குறுகி நின்றான்.

"டொக்டர் கேக்கக்க நீ எங்க நிண்ட?" என்றாள்.

அவன் வாட்டுக் கதவின் பக்கம் பார்த்தான்.

"இந்தக் கதவடியில நிண்டிருக்கிற. உன்ட காதில விழுந்திருக்கு. என்ட உம்மாவுக்கு உன்ட உம்மாவப் பயம். உனக்கும் உன்ட உம்மாவப் பயம். அங்க கிடக்கிறவ சாவா எண்டு ஒருத்தருக்கும் பயமில்ல. தெரிஞ்சவங்க ரெண்டு பேர் பக்கத்துல நிண்டுதான் அவ இப்பிடிக் கிடக்கிறா."

ரிப்கான் அழுதான். அவள் அவன் அழுவதைப் பார்க்கக் காத்திருக்கவில்லை. தங்கையின் கட்டிலுக்குப் போனாள். றிஸ்மினாவின் இடது கண் அவளைத் தேடி வந்து நின்றது. ஏதோ சொல்லப் பார்த்தாள், நாக்கு புரளவில்லை. சொல்லிட்டன், இனிப் பயமில்ல என்று றஹ்மா அவள் காதுக்குள் சொன்னாள். தங்கைக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

அந்தப் பெரிய டொக்டரோடு போனில் நீண்ட நேரம் பேசிவிட்டு வந்து டொக்டர் விஷயத்தைச் சொன்னாள். கொழும்பில் மண்டையைத் திறந்து கட்டிய இரத்தத்தை எடுக்க வேண்டிவரும். அதற்கு முன்னால் அவள் உடம்பில் ஓடுகிற கெட்ட இரத்தத்தில் பெரும் பகுதியை எடுத்துவிட்டு நல்ல இரத்தம் ஏற்ற வேண்டும். பல தரம் ஏற்றியதால் அவள் உடம்பு கண்ட இரத்தத்தையும் எதிரியாகப் பார்க்கப் பழகிவிட்டது, கிடைத்ததையெல்லாம் ஏற்ற முடியாது. கொழும்பில் தேடுவார்கள். ஆனால் அவளுடைய சொந்தத்தில், ஊரில் உள்ளவர்களின் இரத்தம் பொருந்த வாய்ப்புக் கூட. எத்தனை பேரை முடியுமோ அத்தனை பேரைப் புத்தளம் இரத்த வங்கிக்கு அனுப்புங்கள் என்றாள்.

"ஒண்டு" என்று விரலை உயர்த்தினாள். கொடுக்கிறவர்களின் இரத்தத்திலும் இந்த வருத்தம் பாதி அளவுக்கு இருக்கலாம், அவர்களுக்கே அது தெரியாமல் இருக்கும், அப்படிப்பட்ட இரத்தம் றிஸ்மினாவுக்கு உதவாது, ஆகவே எல்லாருடைய இரத்தத்தையும் சோதிப்பார்கள், அதைச் சொல்லித்தான் கூட்டி வர வேண்டும் என்றாள். ரிப்கானும் சோதிக்க வேண்டும். அவர்களுடைய சின்ன மகனையும்.

இதைக் கேட்டதும் ஸபீனா மாமி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே நடந்தார். ஆட்டோ பிடித்துத் தனியாக ஆலங்குடாவுக்குப் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. அம்புலன்சில் றிஸ்மினாவோடு ரிப்கான் ஏறினான். ஏறும்போது றஹ்மாவைப் பார்த்தான். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். புறப்படுமுன் அவளும் மின்ஹாஜும் இரத்த வங்கியில் தங்கள் இரத்தத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

திரும்பி வரும் வானில் உம்மா பின் சீற்றில் இருந்தார். நுரைச்சோலை தாண்டும்வரை தஸ்பீஹ் உருட்டினார். பிறகு ஆரம்பித்தார். ஒப்பரேசனுக்கு இரத்தம் தேவை என்று மட்டும் சொல்லலாமே. வருத்தத்தின் பெயரை எதற்குச் சொல்ல வேண்டும்? இரத்த வங்கியில் அவர்களே சொல்லிக்கொள்ளட்டும். ஒழுங்கையில் நாளைக்கு எப்படித் தலைகாட்டுவது?

மின்ஹாஜ் கண்ணாடியில் மனைவியைப் பார்த்தான். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"உனக்கும் ஒரு பொம்புளப் புள்ள இருக்கு" என்றார் உம்மா. "நாளைக்கு அதுக்கு யாரு வருவான்? அத யோசிச்சியா?"

யோசிக்காமல் இருப்பாளா? அவள் மகளுக்கு அடுத்த வருடம் பதினெட்டு. ஊரில் ஏற்கெனவே இரண்டு பேர் விசாரித்துவிட்டார்கள். வழியில் வந்த மின்சாரக் காற்றாடிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன, அவள் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தாள். உம்மாவின் பயம் பொய்ப் பயம் இல்லை என்பதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கூட்டியது. ஒரு பொய்யை ஏசித் தள்ளிவிடலாம். உண்மையான பயத்தை என்ன செய்வது?

"என்ட மகள்ற ரத்தத்தையும் பாப்பன்" என்றாள். "பாத்துச் சொல்லிட்டுத்தான் குடுப்பன். வாறவன் வரட்டும், வராதவன் போகட்டும். இன்னொருத்திய நான் மஞ்சக் கண்ணோட கலியாணப் பொண்ணாக்கி இருத்தமாட்டன்."

உம்மா அழத் தொடங்கினார். நான் என்ன சந்தோசத்துக்கா செய்தேன், உங்கட வாப்பா மவுத்தாகி, கைப்பையோடு வந்த ஊரில், கட்டிக்கொடுக்காத மூன்று குமர்களை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்ய முடியும் என்று கேட்டார். நடுவில் உள்ளவள் இன்று கட்டாரில் புருஷனோடு நன்றாக இருக்கிறாள் என்றால் அது இந்த வாய் மூடியிருந்ததால்தான் என்றார். அதுவும் உண்மைதான். ஆனாலும் றஹ்மா திரும்பிப் பார்த்து உம்மாவின் கையைப் பிடிக்கவில்லை. அன்று அவளிடம் அதற்கு மனம் இருக்கவில்லை.

பள்ளிவாசலுக்கு வந்தபோது மதிய லுஹர் தொழுகைக்கு ஆட்கள் சேரவில்லை. மோதினார் உசனார் பாங்குக்கு முன்னால், தொழ வருகிறவர்கள் கைகால் கழுவும் ஹவுழைக் கழுவிக்கொண்டிருந்தார். பெண்கள் பள்ளிக்குள் வந்து மைக்கில் பேசும் வழக்கம் இல்லை. றஹ்மா வாசல் படலையடியில் நின்றாள், மின்ஹாஜ் உள்ளே போய் உசனாரைக் கூட்டிவந்தான்.

ஒரு சகோதரிக்கு அவசரமாக இரத்தம் தேவை என்று அறிவித்துவிடுகிறேன் மகள் என்றார் உசனார். நல்ல மனுசர். யாருக்கு, எதற்கு என்ற விபரம் மைக்கில் வேண்டாமே, குடும்ப விஷயம் என்றார்.

"பேரச் சொல்லுங்க மாமா. சுல்பாட மகள் றிஸ்மினா எண்டு சொல்லுங்க. வருத்தத்தயும் சொல்லுங்க. குடுக்கிற ஆக்கள்ற ரத்தத்திலயும் அது இருக்கா எண்டு பாப்பாங்க எண்டும் சொல்லுங்க. சொல்லாமக் கொண்டுபோனா அது நான் செய்ற துரோகம்."

உசனார் அந்த வருத்தத்தின் பெயரை இரண்டு மூன்று தரம் சொல்லிப் பழகினார். பிறகு வானில் குனிந்து உட்கார்ந்திருந்த உம்மாவைப் பார்த்தார். உம்மா முக்காட்டுச் சோலை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்.

தொழுகை முடிந்ததும் மைக் கரகரத்தது. மவுத்து அறிவிப்பாக்கும் என்று ஒழுங்கையே காது கொடுத்திருக்கும். பெயர் வந்தது. மூளையில் இரத்தக் கசிவு என்று வந்தது. சிக்கிள் செல் என்று வந்தது. இரத்தத்தைச் சோதிப்பார்கள் என்று வந்தது. பள்ளிக்கு முன்னால் வான் நிற்கிறது, வருகிறவர்கள் வரலாம் என்று முடிந்தது. இத்தனை வருடமாக நான்கு சுவருக்குள்ளும் மெதுவாகச் சொல்லாத பெயர், கடற்காற்றோடு ஆலங்குடா முழுக்கப் போனது.

வானின் கதவைத் திறந்து வைத்துவிட்டு மின்ஹாஜ் நின்றான். தொழுதுவிட்டு வந்த ஆண்கள் செருப்பைத் தேடினார்கள். அன்று எல்லாருக்கும் செருப்பைத் தேட நேரம் பிடித்தது. இருவர் வந்து துஆ செய்கிறோம் என்றார்கள். ஒருவர் தனக்கு சீனி வருத்தம் என்றார். ஹோட்டலுக்கு மீன் கொடுக்கும் வின்சன்ட், தலவிலப் பக்கத்துக்காரர், மைக் சத்தம் கேட்டு மோட்டார் சைக்கிளில் வந்து, என்ட ரத்தம் பொருந்துதோ இல்லையோ தங்கச்சி, நான் போறன் என்று சொல்லி நேரே புத்தளத்துக்கு ஓட்டிப் போனார். உசனார் சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு முன் சீற்றில் ஏறி உட்கார்ந்தார். அறுபது வயது தாண்டியவர். எடுக்கமாட்டார்கள் என்று மின்ஹாஜ் சொல்லியும் இறங்கவில்லை.

பின்னால் வான் வெறுமையாகவே கிடந்தது.

றஹ்மாவுக்கு அந்த ஒழுங்கையை ஏச வேண்டும் போலிருந்தது. சுனாமிக்கு அரிசி சேர்த்தவர்கள். யாரோ முகம் தெரியாத ஒருவர் ரோட்டில் அடிபட்டதற்குப் போன வருடம் வரிசையாகப் போய் இரத்தம் கொடுத்தவர்கள். அதே ஆட்கள், அதே கைகள். அவள் வேலியோரமாக நடந்தாள். படலைகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. ரிப்கானின் அழைப்பு வந்தது. பாதி வழி தாண்டிவிட்டார்களாம், கொழும்பில் இப்போதே இரத்தம் தேடுகிறார்களாம். அவள் ம் என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

மூன்றாம் வீட்டு நிஹாரா கிணற்றடிப் பக்கத்து வேலி இடுக்கில் நின்று அவளைக் கூப்பிட்டாள். நிஹாராவும் றஹ்மாவும் ஒரே வயது, ஒரே கொட்டிலில் ஓதப் படித்தவர்கள்.

தன் புருஷன் வரமாட்டான் என்றாள் நிஹாரா. ஏச வேண்டாம் என்றாள்.

"ஏச மாட்டன். ஏன் வரமாட்டாரு எண்டு மட்டும் சொல்லு."

நிஹாரா இரண்டு பக்கமும் பார்த்தாள். அவள் குரல் ஓலைக்குப் பின்னால் உடைந்தது.

"ரத்தத்தப் பாத்தாங்கண்டா தெரிஞ்சிரும். எங்கட ஷிப்னாவுக்கும் அதே வருத்தந்தான். உன்னயும் றிஸ்மினாவயும் நான் அந்த ஆஸ்பத்திரில ஒருக்காக் கண்டன். நீங்க கதிரைல இருந்தீங்க. நான் புள்ளய இழுத்துக்கிட்டுத் தூணுக்குப் பின்னால போய் ஒளிச்சு நிண்டன். நீங்க போகுமட்டும் நிண்டன்."

றஹ்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மாதாமாதம் இரண்டு பஸ் மாறி, நான்கு மணி நேரம் போய், அங்கே கிடக்கிற ஒரே வாங்கில் பக்கத்தில் இருந்து அழ வேண்டிய இருவர். ஒருத்தி தூணுக்குப் பின்னால். இன்னும் எத்தனை வீடு? சாத்திய படலைகளில் எத்தனை படலை இதற்காகச் சாத்தியது?

"அவளுக்குத் தலையிடி வாறதா?" என்று கேட்டாள்.

நிஹாரா ஆமென்று தலையை ஆட்டினாள். வெயிலுக்கு என்று சொல்லி பனடோல் கொடுப்பதாகச் சொன்னாள். கலியாணம் முடியட்டும், பிறகு காட்டலாம் என்று இருந்ததாகவும் சொன்னாள். கலியாணம் நோன்புக்கு முன்னால். மாப்பிள்ளை ஸபீனா மாமியின் சின்ன மகன், ரிப்கானின் தம்பி.

றஹ்மா அவளை அறைந்திருப்பாள், இடையில் வேலி இருந்தது. எங்கே அவள் என்று கேட்டாள். இப்போதே வானில் ஏற்று, அந்த டொக்டரிடம் காட்டுவோம், மூளைக்குப் போகும் குழாய் ஒடுங்கியிருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்க முடியுமாம் என்றாள். நிஹாரா கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினாள். இன்றைக்கு வேண்டாம், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நாளைக்கு இருட்டோடு யாருக்கும் தெரியாமல் போவோம் என்றாள்.

"நாளைக்கு, அடுத்த மாசம். என்ட உம்மாவும் இப்பிடித்தான் சொன்னா" என்று றஹ்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே நிஹாராவின் வீட்டுப் படலை திறந்தது.

ஷிப்னா வந்தாள். பத்தொன்பது வயது, மெலிந்த உடம்பு, வெளிறிய உதடு. மைக்கில் சொன்னது அவளுக்கும்தானே கேட்டிருக்கும். அபாயாவைப் போட்டு, தலையில் சோலைச் சுற்றி, கையில் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை வைத்திருந்தாள். தன் உம்மாவைப் பார்க்கவில்லை, யாரையும் கேட்கவுமில்லை. ஒழுங்கையின் நடுவால் நடந்து போய், பின் சீற்றில் சுல்பா உம்மாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். சுல்பா உம்மா அவள் முகத்தைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டார்.

நிஹாரா வேலிக்கு அந்தப் பக்கமே நின்றாள். றஹ்மா ஓடிப்போய் ஏறி, கதவை இழுத்துச் சாத்தினாள். இரத்தம் கொடுக்க உசனாரைத் தவிர ஒருவரும் ஏறவில்லை, ஏற்றிக்கொண்டு போவது இன்னொரு வருத்தக்காரியை. எடுங்கள் என்றாள் மின்ஹாஜிடம்.

ஒழுங்கை முனையில் ஸபீனா மாமி நின்றார். உடுப்புப் பையும் கையுமாக, தன் கூரை வேலை முடியாத வீட்டுக்கே திரும்பிப் போகிற வழியில், பஸ்ஸுக்கு நின்றார். பக்கத்தில் இன்னும் இரண்டு பெண்கள். மூன்று பேரும் திரும்பி, வருகிற வானைப் பார்த்தார்கள்.

றஹ்மாவின் கை தன்பாட்டில் நீண்டது. சுற்றுலாக்காரருக்காகப் போட்டிருந்த ஜன்னல் சீலையைப் பிடித்து ஷிப்னாவின் முகத்துக்கு மறைவாக இழுத்தாள்.

ஷிப்னா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேணாம் சாச்சி. பாக்கட்டும்."